அக்கா டைப் பண்ண மறுத்த பத்தி

நான் சொல்லச் சொல்ல என் ஓரகத்தி டைப் செய்வாள். என் நினைவுக் குறிப்புகள் கொஞ்ச காலமாக அப்படித்தான் உருவாகின்றன. ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் கூப்பிடுவது அக்கா என்று. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆதார் நகல், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஒரு மனுஷன் பிறந்ததிலிருந்து போகிறவரை என்னென்ன காகிதம் தேவையோ அத்தனையும் அங்கே கிடைக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

முன்பெல்லாம் நானேதான் டைப் செய்துகொண்டிருந்தேன். அரூரில் ஒரு வக்கீலிடம் நெடுங்காலம் டைப்பிஸ்ட் வேலை. பகலெல்லாம் 'மேற்படி பிரதிவாதியானவர்' என்று அடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் என் சொந்த விஷயத்தை அடிக்க உட்கார்ந்தால் வாய் கொப்பளித்த மாதிரி இருக்கும். சின்னச் சின்னப் பத்திரிகைகளில் வந்தது. ஒருவர் பெயரையும் எழுத மாட்டேன். வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டினவளுக்கு, பெயர் போட்டால் என்னென்ன வந்து சேரும் என்று தெரியாதா? 'ஒரு மாமா', 'பக்கத்துத் தோட்டத்துக்காரர்' என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

பிறகு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், அதற்குப் பின் சேலத்தில் கீமோ. கட்டி போயிற்று. போகும்போது என் விரல் நுனிகளின் உணர்ச்சியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மருந்தினால் வருவதுதான், மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். எவ்வளவு மெல்ல என்று அவர் சொல்லவில்லை. கீபோர்டில் கை வைத்தால் எந்த எழுத்தின்மேல் விரல் இருக்கிறதென்று தெரியாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. கொத்தமல்லி ஆய முடியாது. எனக்கு முன்பே மூக்குக்கு மேலே கோபம் வரும். இப்போது அது இறங்குவதே இல்லை. இனிமேல் எழுதுவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். என் கணவர், பாவம், நல்ல மனிதர், "சரி" என்றார். அதற்கும் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அக்கா "சரி" என்று சொல்லவில்லை. "கைதானே மரத்துப் போச்சு? வாய் நல்லாத்தானே இருக்குது? அதப் பத்தி ஊருக்கே தெரியும். மத்தியானம் கடைக்கு வா. நீ சொல்லு, நான் அடிக்கறேன்" என்றாள்.

மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எனக்கு. நான் சொல்வேன், அவள் அடிப்பாள். சொன்னதை மட்டும் அடித்தால் அவள் அக்கா இல்லையே. "இது பொய். உங்கப்பா இப்பிடியெல்லாம் பேசியிருக்க மாட்டாரு" என்பாள். "இந்த எடத்துல மழ எதுக்கு? நீ எழுதற எல்லாத்துலயும் மழ பெய்யுது. நம்ம ஜில்லாவுல எங்கடி அவ்ளோ மழ?" என்பாள். நான் பதிலுக்குக் கத்துவேன். நடுவில் யாராவது ரேஷன் கார்டு நகலுக்கு வருவார்கள். பாதி வாக்கியத்தில் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "எங்க உட்டோம்?" என்று கேட்பாள். ஒரு நாள், என் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பசு காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டா நகலுக்கு வந்த பெரியவர், நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகும் நகரவில்லை. "என்னங்க?" என்று அக்கா கேட்டதும், "மாடு கெடச்சுதுங்களா?" என்றார். கிடைத்தது என்று சொன்ன பிறகுதான் போனார். எனக்கு வாய்த்த வாசகர்களில் அவருக்கு நிகர் யாருமில்லை.

இப்படியே ஒரு புத்தகத்துக்கு ஆகுமளவு சேர்ந்துவிட்டது. விரல் சரியாகவில்லை, ஆனால் நான் தேறிவிட்டேன். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று மனசு ஓடியது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். நோய் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கான ஸ்கேன். எனக்கு உள்ளுக்குள் உதறல். கழுத்தோரம் ஏதோ தட்டுப்படுகிற மாதிரி ஒரு சந்தேகம் வேறு. மரத்த விரலால் தடவிப் பார்த்தால் என்ன தெரியும்? யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிவு செய்தேன். அக்காவைப் பற்றி ஓர் அத்தியாயம் இல்லாமல் அந்தப் புத்தகம் வரக்கூடாது. ஸ்கேனுக்கு முன்பே அதை எழுதிவிட வேண்டும்.

அவளைப் பற்றி அவளிடமே சொல்லி எப்படி டைப் செய்ய வைப்பது? முதல் வரியிலேயே 'பொய்' என்பாள். அதனால் போனும் கையுமாக எங்கள் மரவள்ளிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பேசிப் பேசிப் பதிவு செய்தேன். களை எடுக்க வந்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள். பதிவை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். ஸ்டேஷன் ரோட்டில், எனக்குத் தம்பி முறை சொல்லத்தக்க வயதில் ஒருவர், அக்கா மாதிரியே கடை வைத்திருக்கிறார். டைப் செய்து பிரிண்ட் எடுத்து வையுங்கள், வெளியில் மூச்சு விடாதீர்கள் என்றேன். "நமக்கெதுக்குங்க்கா அந்த வேலயெல்லாம்" என்றார். யோக்கியமான மனிதர், சொன்னபடி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன். "டைப்பிங் முடிஞ்சுதுங்க்கா. எங்க பிரிண்டரு ரிப்பேரு. அதனால ஃபைல உங்க ஊருக்கே அனுப்பிட்டேன். பிரிண்டு போட்டு ரெடியா இருக்குது. பொம்மிடிக்கு வர்ற அலைச்சல் உங்களுக்கு மிச்சம்."

"எங்க ஊர்ல எந்தக் கடைக்குங்க?"

"பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கட அக்காவுக்குத்தாங்க. எப்பவும் அப்பிடித்தான். அவங்களுது ரிப்பேரானா எங்களுக்கு அனுப்புவாங்க."

அவர்மேல் என்ன தப்பு? அத்தியாயம் முழுக்க ஒரு பெயர் கிடையாது. 'என் ஓரகத்தி', 'என் ஓரகத்தி' என்றே இருந்தது. உலகத்தில் எத்தனை ஓரகத்திகள்! என் வக்கீல் ஆபீஸ் சாமர்த்தியம் என் காலையே வாரிவிட்டது.

கடைக்குப் போகும்போது கலவரமாக இருந்தாலும், மனசின் ஒரு மூலையில் ஆசையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். படித்துவிட்டு நெகிழ்ந்து போய் உட்கார்ந்திருப்பாள், என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அக்கா கல்லாவுக்குப் பின்னால் இருந்தாள். தாள்களை மேஜையில் ஒரு தட்டு தட்டி அடுக்கி, ஸ்டேப்ளர் போட்டு நீட்டினாள்.

"இந்தாங்க. கவர் வேணுங்களா?"

வாழ்க்கையில் என்னை 'நீ', 'டி' தவிர வேறெப்படியும் அவள் கூப்பிட்டதில்லை. இப்போது 'வேணுங்களா'! வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து பேச்சு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கும், இந்தப் பக்கம் கொள்ளு ரசம் வராது. அவள் துணி துவைக்கிற நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தினேன். ஒரு திட்டுக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். எனக்குப் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத அம்மாவுக்கும் அதே கும்பிடுதான். என் கணவர், "என்ன பண்ணித் தொலச்ச?" என்று கேட்டார். "புகழ்ந்து எழுதுனேங்க" என்றேன். "உனக்கு அது வேற வருமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஸ்கேன் தேதி நெருங்கியது. நோய் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அக்கா இல்லாமல் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. என் கணவருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே கண்ணைக் கட்டும். முதல் கீமோவுக்கு எங்கள் இரண்டு பேரோடு கூட வந்தவரைத்தான் நர்ஸ் படுக்க வைத்து குளுக்கோஸ் கொடுத்தார். அக்கா வராவிட்டால் நான் போகப்போவதில்லை. வெளியில் பார்த்தால் அடம் மாதிரி இருக்கும். உண்மையில் அது பயம். மோசமான சேதி என்றால் அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என்னால் கேட்க முடியும்.

கடைசியில் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "அப்பிடி என்னக்கா தப்பா எழுதிட்டேன்? சொல்லுங்க" என்றேன்.

அவள் மானிட்டரை என் பக்கம் திருப்பினாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக அவள் எப்போதும் தயாராக வைத்திருக்கும் மாதிரி அது. ஊரில் யார் போனாலும் இதுதான். மேலே சிலுவையோ சாமி படமோ, வந்தவர்கள் சொல்கிறபடி மாறும். நடுவில் போட்டோ மாறும். வாசகம் மட்டும் எல்லோருக்கும் பொது. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"'அன்பின் உறைவிடமே.' நீ எழுதுனதுல மொத பக்கம். 'பொறுமையின் சிகரமே.' அது ரெண்டாம் பக்கம். 'தன்னலம் அறியாத தியாகச் சுடரே.' அது கடசியில. என் போட்டோவ நடுவுல ஒட்டி மேல ஒரு சிலுவ போட்டா, இன்னிக்கே கோயில் செவுத்துல ஒட்டிரலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பொறுமயா? எனக்கு? உன் முடியெல்லாம் கொட்டுனப்ப நான் கண் கலங்குனேன்னு எழுதியிருக்க. எங்க கலங்குனேன்?"

கலங்கவில்லைதான். நான் மொட்டைத் தலையோடு வாசலுக்கு வந்த அன்று, என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உனக்குத் தல இவ்ளோ நல்ல ஷேப்புன்னு இத்தன வருஷமா தெரியாம போச்சே. அவிச்ச முட்ட மாதிரி இருக்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். காலையிலிருந்து கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தவள் நான். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தேன். அப்புறம்தான் அன்றைக்கு முதல் வாய்ச் சோறு இறங்கியது.

"அத ஏன்டி எழுதல?"

"அத எழுதினா படிக்கறவங்க உங்களப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"என்னப் பத்தி நெனப்பாங்க. நீ எழுதியிருக்கறதப் படிச்சா வேற எவளயோ பத்தியில்ல நெனப்பாங்க? நாம போட்ட சண்டையெல்லாம் எங்க? இருபது வருஷம் சும்மாவா ஒரே செவுத்துக்குப் பக்கத்துல இருந்தோம்?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒருத்தி காட்டுக்குள் கொசுக்கடியில் உட்கார்ந்து மாங்கு மாங்கென்று புகழ்ந்தால், அதற்கு இதுவா மரியாதை? கத்தினேன். அவளும் கத்தினாள். வெளியே நகலுக்கு நின்றவர்கள் உள்ளே வரலாமா வேண்டாமா என்று விழித்தார்கள். அத்தனை நாள் கழித்து அவள் வாயிலிருந்து 'டி' கேட்டது எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த நாளே அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தோம். மோட்டார் சண்டை வந்தது. அவள் எனக்காகச் சேலத்தில் தேடி வாங்கி வந்த விக் வந்தது. அதை வைத்துக்கொண்டு பூசைக்குப் போய் முழங்கால் போட்டதும், அது நழுவி என் புருவத்துக்கு இறங்கியதும், அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடியதும், ஃபாதர் ஜெபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுத் தேடியதும் வந்தன.

கேழ்வரகுக் கூழும் வந்தது. கீமோ முடிந்த வாரங்களில் எதைப் பார்த்தாலும் குமட்டும். அக்கா தினம் காலையில் ஒரு லோட்டா கூழோடு வந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பாள். ஒரு நாள் லோட்டாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். முதலில் எழுதியதில், 'முகம் சுளிக்காமல் துடைத்தார்' என்று போட்டிருந்தேன். அவள் துடைக்கவே இல்லை. "நீ போட்ட கோலம், நீயே தொட" என்று போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு லோட்டாவோடு வந்தாள். "குடிக்கறயா, இல்ல இத நான் உன் தலையில ஊத்தட்டுமா?" என்றாள். வீம்புக்குக் குடித்தேன். அதிசயமாக வாந்தி வரவில்லை. மறுநாளிலிருந்து கூழ் தங்கியது. நசுங்கின லோட்டா அவள் கல்யாணத்துக்கு வந்த சீர் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும் என்றாள். எழுதினேன்.

கடைசியில் ஒரு பத்தி மீதி இருந்தது. அதை மட்டும் காட்டில் பேசியபடியே மாற்றாமல் சொன்னேன். இந்த உடம்பில் உயிர் தங்கியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள், நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன் என்று போகும் பத்தி. அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "கரண்டு போவப் போவுது" என்றாள். போகவில்லை. மறுநாள் கழுத்து வலி என்றாள். அதற்கு மறுநாள் நானே திரையை எட்டிப் பார்த்தேன். அத்தியாயம் லோட்டாவோடு நின்றிருந்தது. "இதுல என்ன பொய்ங்கக்கா இருக்குது? ஒரு நன்றி சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அத நான் அடிக்க மாட்டேன். வேணும்னா பொம்மிடியில குடுத்து அடிச்சுக்க. அவரு பிரிண்டு போட எனக்குத்தான் அனுப்புவாரு. நான் கிழிச்சுப் போட்டுக்கறேன்."

வேறு கடைக்குப் போன வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் நாளன்று நான் கூப்பிடாமலே அக்கா புடவை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்து நிறுத்தியிருந்தாள். பொம்மிடி ஸ்டேஷனில் வண்டியைப் போட்டுவிட்டுக் காலை ரயிலில் சேலம். ஜன்னலோரம் யாருக்கு என்று ஒரு சின்னத் தகராறு. நோயாளிக்குத்தான் என்றேன். "அந்தப் பாட்டெல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சுது" என்று அவளே உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல எல்லோரிடமும் ஊர்க்கதை பேசினாள். காத்திருந்த ஓர் அம்மாவின் மகளுக்கு வரன்கூடச் சொன்னாள். ரிப்போர்ட் வர மத்தியானமாயிற்று. டாக்டர் படங்களை முன்னும் பின்னுமாகப் பார்த்தார். அக்கா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கீங்க" என்றார். கழுத்தைக் காட்டினேன். அழுத்திப் பார்த்துவிட்டு, அது வெறும் தசைப்பிடிப்பு என்றார். ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்.

வெளியே வந்தோம். நடைவழியில் கிடந்த நாற்காலியில் அக்கா தொப்பென்று உட்கார்ந்தாள். கால் வலிக்கிறதா என்று கேட்கக் குனிந்தால், முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். மாமியார் இறந்த அன்றுகூட, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் விரட்டிக்கொண்டிருந்தவள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எழுதிக்கலாமுங்களா, அக்கா கண் கலங்குனாங்கன்னு?" என்றேன்.

"எழுதித் தொல" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தக் கடசிப் பத்திய அடிக்க மாட்டேன்."

"ஏங்க்கா?"

"ஸ்கேனு வருதுன்னு தெரிஞ்சு, கழுத்துல என்னமோ இருக்குதுன்னு எங்கிட்டக்கூடச் சொல்லாம, காட்டுக்குள்ள போயி உக்காந்து, வேற ஊருல குடுத்து, நன்றின்னு எழுதி வெக்கற. என்னத்த நெனச்சுக்கிட்டு எழுதுனன்னு எனக்குத் தெரியாதா? 'நேரம் இருக்கும்போதே'யாம். அத என் கையாலயே அடிக்கச் சொல்ற. நீ எழுதுன அஞ்சலி எனக்கில்லடி, உனக்கு." குரல் மறுபடி உடைந்தது. "எனக்கு உன் நன்றி வேணாம். சண்ட போடு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க, என்னவோ பண்ணு. நீ இரு. அது போதும்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. காட்டில் உட்கார்ந்து நான் விடைபெற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை, படித்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் அத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். வரன் கேட்ட அம்மா எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கிறேன் என்று சொல்ல நான் யார்? டாக்டரே ஆறு மாதத்துக்குத்தான் பேசினார். இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேங்க்கா" என்றேன்.